எண்ணப்படாத தொற்று



ஒரு நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தவருக்கு அங்கேயே இன்னொரு தொற்று வந்து சேர்வதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். அதிலும் எந்த ஆண்டிபயாட்டிக்கும் கேட்காத தொற்றைப் பற்றி. பணிக்காலம் முழுவதையும் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் கழித்தவன் நான். நோயாளிகளின் முகத்தைப் பார்த்ததைவிட அவர்களுடைய ரத்தத்தில் வளர்ந்த கிருமிகளைப் பார்த்ததுதான் அதிகம். அப்படிப்பட்டவன் புதிய மருந்துகளைப் பற்றித்தான் பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பெரும்பாலும் பேசப் போவது கணக்கைப் பற்றி. எத்தனை பேருக்குத் தொற்று வந்தது, எந்த வார்டில் வந்தது, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்கிற கணக்கு. அதன் அருமை விளங்க வேண்டுமானால் ஒரு மருத்துவமனையில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் நகரை ஒட்டியிருக்கிறது பெதெஸ்டா. அந்நாட்டு அரசின் தேசிய சுகாதார நிறுவனம் அங்கே நடத்தும் ஆராய்ச்சி மருத்துவமனையில் அப்போது 243 படுக்கைகள். பணத்துக்கோ ஆளுக்கோ கருவிக்கோ அங்கே பஞ்சமில்லை. 2011 ஜூன் 13 அன்று நியூயார்க் மருத்துவமனை ஒன்றிலிருந்து 43 வயதுப் பெண் ஒருவரை அங்கே கொண்டுவந்தார்கள். நுரையீரல் மாற்று அறுவை செய்துகொண்டவர். அவர் உடலில் கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா இருப்பதும், கடைசி ஆயுதமாக நாங்கள் வைத்திருக்கும் கார்பபெனம் மருந்துகளுக்கும் அது அடங்காது என்பதும் அவர் வருவதற்கு முன்பே அங்குள்ளவர்களுக்குத் தெரியும். தனி அறை கொடுத்தார்கள். உள்ளே போகும் ஒவ்வொருவரும் கையுறையும் மேலங்கியும் அணிந்தார்கள். ஜூலை 15 அன்று அவர் டிஸ்சார்ஜ் ஆனார். வேறு யாருக்கும் பரவவில்லை என்று மருத்துவமனை நிம்மதி அடைந்தது.

மூன்று வாரம் கழித்து, ஆகஸ்ட் 5 அன்று, இன்னொரு நோயாளியிடம் அதே வகைக் கிருமி வளர்ந்தது. அவரும் அந்தப் பெண்ணும் ஐ.சி.யு.வில் ஒரே நேரத்தில் இருந்தவர்கள் இல்லை. இது வெளியிலிருந்து தனியாக வந்த கிருமியாக இருக்கலாம் என்று எண்ணினார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் மூன்றாமவர், நான்காமவர். அதன் பிறகு ஏறத்தாழ வாரத்துக்கு ஒருவர். ஆண்டு முடிவதற்குள், முதலில் வந்த பெண்ணையும் சேர்த்து 18 பேரிடம் கிருமி இருந்தது. அவர்களில் 11 பேர் இறந்தார்கள். ஆறு பேரின் மரணத்துக்கு இந்தத் தொற்றே காரணம் என்று மருத்துவமனையே முடிவு சொன்னது.

அவர்கள் செய்தவற்றைக் கேளுங்கள். ஐ.சி.யு.வுக்குள் சுவர் எழுப்பி, கிருமி உள்ளவர்களைப் பிரித்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் செவிலியர்கள் மற்ற நோயாளிகள் பக்கம் போகக் கூடாது என்று தனி அணி அமைத்தார்கள். ஒவ்வொருவரும் உள்ளே நுழையும்போதும் வெளியே வரும்போதும் கை கழுவுகிறார்களா என்று பார்ப்பதற்கென்றே ஆள் போட்டார்கள். அறைகளுக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவியைச் செலுத்தினார்கள். குழாய் இணைப்புகளைப் பிடுங்கி எறிந்தார்கள். கைகழுவும் தொட்டிகளின் வடிகுழாய்களுக்குள் கிருமி குடியிருந்தது. இரண்டு முறை சுத்தம் செய்து வைத்திருந்த வென்டிலேட்டர் ஒன்றிலும் அது உயிரோடு இருந்தது.

இவற்றோடு இன்னொரு வேலையும் நடந்தது. ஒவ்வொரு நோயாளியிடமும் எடுத்த கிருமியின் முழு மரபணுத் தொடரையும் எழுத்து எழுத்தாக வாசித்தார்கள். பெருகும்போது ஆங்காங்கே ஓர் எழுத்து மாறும். அந்தச் சின்ன மாற்றங்களை வைத்து எது எதிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். விடை வந்தது. தனித்தனியாக வந்தவை என்று நினைத்தது தவறு. எல்லாமே ஜூன் மாதம் வந்த அந்தப் பெண்ணின் கிருமியிலிருந்து கிளைத்தவை. தொற்று கண்டுபிடிக்கப்பட்ட வரிசையும் தொற்று போய்ச் சேர்ந்த வரிசையும் வேறு வேறாக இருந்தன. சிலர் குடலில் கிருமியைச் சுமந்துகொண்டு, காய்ச்சல்கூட இல்லாமல், வாரக்கணக்கில் படுத்திருந்திருக்கிறார்கள். அவர்களிடமிருந்து அடுத்தவருக்குப் போயிருக்கிறது. காய்ச்சல் வந்தவரை மட்டும் சோதித்தால் பாதி உண்மைதான் தெரியும் என்று அப்போது அங்கே தெளிவானது. அதனால்தான் அங்கே காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நோயாளிகளின் மலவாயிலிருந்து மாதிரி எடுத்துச் சோதிக்கத் தொடங்கினார்கள்.

2012 ஆகஸ்டில் ‘சயன்ஸ் டிரான்ஸ்லேஷனல் மெடிசின்’ இதழில் இவை எல்லாவற்றையும் எழுதி வெளியிட்டார்கள். எத்தனை பேர், எத்தனை சாவு, எங்கே தவறினோம் எல்லாமே அதில் இருக்கிறது. நடந்தபோதே மக்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று அவர்கள் மீது கடுமையான விமர்சனம் எழுந்தது. அந்த விமர்சனம் நியாயமானதுதான். ஆனாலும், நம் ஊர் மருத்துவமனை ஒன்று இப்படி ஒரு கட்டுரையை எழுதுமா என்று அதைப் படித்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். எழுத வேண்டும் என்பதற்காகத்தான் இன்று இங்கே நிற்கிறேன்.

இந்தக் கிருமி எங்கிருந்து வருகிறது? கிளெப்சியெல்லாவும் ஈ.கோலையும் நம் குடலில் சாதாரணமாக வாழ்பவை. குடலுக்குள் இருக்கும்வரை தொந்தரவு இல்லை. ஐ.சி.யு.வில் இருப்பவருக்குக் கழுத்தின் ரத்தக்குழாயில் சென்ட்ரல் லைன் என்ற ஒரு குழாய், மூத்திரப் பைக்கு ஒரு குழாய், மூச்சுக்குழலில் ஒரு குழாய். தோலும் சளிச்சவ்வும் கட்டிக் காக்கும் எல்லையை இந்தக் குழாய்கள் ஒவ்வொன்றும் திறந்து வைக்கின்றன. அவருக்குக் கொடுக்கும் ஆண்டிபயாட்டிக், மருந்துக்கு அடங்கும் கிருமிகளைக் கொன்று, அடங்காதவற்றுக்கு இடத்தைக் காலி செய்து கொடுக்கிறது. மீந்தவை பெருகுகின்றன. போதாததற்கு, மருந்தை உடைக்கும் நொதியைச் செய்யும் மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற சின்ன வளையத்தில் இருக்கிறது. தேர்வு அறையில் விடை எழுதிய துண்டுச் சீட்டு கைமாறுவதுபோல அது ஒரு பாக்டீரியாவிடமிருந்து இன்னொன்றுக்கு, ஓர் இனத்திலிருந்து வேறோர் இனத்துக்குக்கூடக் கைமாறும். பென்சிலினை உடைக்கும் நொதியை ஆபிரகாமும் செயினும் அறிவித்தது 1940இல். அந்த மருந்து மக்கள் கைக்கு வருவதற்கு முன்பே அதை முறிக்கும் வித்தை பாக்டீரியாவிடம் இருந்தது.

ஆகவே எதிர்ப்புத் திறன் உருவாவதை முற்றாகத் தடுக்க முடியாது. அது ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குப் போவதைத் தடுக்க முடியும். போவதற்குக் கிருமிக்குக் கால் கிடையாது. டாக்டரின் கை, சிஸ்டரின் கை, வார்டு பாயின் கை, நோயாளிக்குத் துணையிருக்கும் உங்கள் கை, ஸ்டெதஸ்கோப், துடைக்கும் துணி, தொட்டியின் வடிகுழாய். இவைதான் வழி.

இப்போது சென்னைக்கு வருவோம். இந்தியாவில் மருத்துவமனையில் இருந்துவிட்டு 2008 ஜனவரியில் ஸ்வீடன் திரும்பிய நோயாளி ஒருவரின் சிறுநீரில் வளர்ந்த கிளெப்சியெல்லாவில், கார்பபெனத்தை உடைக்கும் புதிய நொதி ஒன்றைக் கண்டார்கள். என்.டி.எம்.-1 என்று பெயரிட்டார்கள். அந்த ‘என்.டி.’ புது தில்லியைக் குறிக்கிறது. 2010 ஆகஸ்டில் ‘லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீஸஸ்’ இதழில் வந்த ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. இந்த நொதியைச் சுமந்த கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா, பாகிஸ்தானின் பிற இடங்களில் 73 என்று அந்த ஆய்வு எண்ணிக் காட்டியது.

நாடு கொதித்தது. தலைநகரின் பெயரை ஒரு கிருமிக்கு வைப்பதா, நம் மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கச் செய்த சதியா என்று நாடாளுமன்றம்வரை பேச்சு போனது. பெயர் வைத்தது தவறுதான் என்று லான்செட்டின் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் 2011இல் வருத்தம் தெரிவித்தார். பெயரைப் பற்றிய வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் சென்னையில் 44 என்ற எண் நம் கண் முன்னே இருந்தது. அதை 45 ஆகாமல் தடுப்பது எப்படி என்ற கேள்வி அந்தக் கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. அதே 2011இல், தில்லியின் குழாய்த் தண்ணீரில் எடுத்த 50 மாதிரிகளில் இரண்டிலும், தெருவில் தேங்கிய கழிவுநீர் மாதிரிகள் 171இல் 51இலும் அதே மரபணு இருப்பதாக இன்னோர் ஆய்வு சொன்னது. அதற்கும் மறுப்புத்தான் வந்தது.

அந்த ஆண்டுகளில் நமக்குப் பெருமை தேடித் தந்த ஒரு காரியமும் நடந்தது. 2012 ஆகஸ்ட் 24 அன்று டாக்டர் அப்துல் கஃபூர் முன்னின்று நடத்திய கூட்டத்தில் நாட்டின் பல மருத்துவச் சங்கங்கள் சென்னையில் ஒன்றுகூடின. பிரச்சினை உண்டு என்று ஒப்புக்கொண்டு, நடக்கக்கூடிய ஒரு திட்டத்தைச் ‘சென்னைப் பிரகடனம்’ என்ற பெயரில் எழுதினார்கள். மறுப்பை விட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம் என்று மருத்துவர்களே முன்வந்தார்கள். அடுத்த ஆண்டே மத்திய அரசு ஹெச்-1 என்ற புதிய அட்டவணையை அறிவித்து, முக்கியமான ஆண்டிபயாட்டிக்குகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்றது. மருந்துக்கடைக்காரர் யாருக்கு விற்றோம் என்று பதிவேடு வைக்க வேண்டும். 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. உங்கள் தெருமுனைக் கடையில் அது எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

எண்ணினால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு இஸ்ரேலைச் சொல்வேன். பெதெஸ்டாவில் பரவியதுபோன்ற கிளெப்சியெல்லா 2006இல் அங்கே நாடு முழுவதும் பரவியது. 2007 மார்ச் முடிவதற்குள் 27 மருத்துவமனைகளில் 1,275 நோயாளிகள். ஒவ்வொரு மருத்துவமனையும் தனித்தனியாகப் போராடித் தோற்ற பிறகு சுகாதார அமைச்சகம் பொறுப்பை எடுத்துக்கொண்டது. கிருமி உள்ள ஒவ்வொருவரையும் அரசுக்கு அறிவித்தாக வேண்டும். அவர்களைத் தனி இடத்தில் வைத்துத் தனிச் செவிலியர்களைக் கொண்டு பார்க்க வேண்டும். சொன்னது நடக்கிறதா என்று ஒரு குழு நேரில் போய்ப் பார்த்தது. ஒரு லட்சம் நோயாளி-நாட்களுக்கு 55.5 என்றிருந்த மாதாந்திர எண்ணிக்கை, 2008 மே மாதத்தில் 11.7 ஆக இறங்கியது. புதிய மருந்து எதுவும் வந்து நடந்ததில்லை இது.

இங்கிலாந்திலும் இதே கதைதான். மருந்துக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற பாக்டீரியா ரத்தத்தில் கலந்தவர்களின் எண்ணிக்கையை 2001 முதல் ஒவ்வொரு அரசு மருத்துவமனையும் தெரிவிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். மருத்துவமனை வாரியாக அந்த எண்ணை மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். 2008க்குள் பாதியாக்குவோம் என்று 2004இல் அரசு இலக்கு வைத்தது. பாதிக்கும் கீழே போயிற்று.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடந்தது எனக்கு இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் அதைச் செய்ய எந்த ஊரிலும் முடியும். பீட்டர் ப்ரோனோவோஸ்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் நூற்றுக்கும் மேற்பட்ட ஐ.சி.யு.க்களில் ஐந்து விஷயங்களை வற்புறுத்தினார்கள். சென்ட்ரல் லைன் போடும் முன் கை கழுவு. தோலைக் குளோர்ஹெக்சிடினால் துடை. நோயாளியின் உடல் முழுவதையும் சுத்தமான விரிப்பால் மூடி, நீயும் மாஸ்க், தொப்பி, மேலங்கி அணி. தொடை இடுக்கில் போடுவதை முடிந்தவரை தவிர். இனித் தேவையில்லை என்ற நாளிலேயே குழாயை எடுத்துவிடு. இவற்றில் ஒன்று தவறினாலும் டாக்டரை நிறுத்தச் செவிலியருக்கு அதிகாரம் கொடுத்தார்கள். நம் மருத்துவமனைகளில் ஒரு செவிலியர் ஒரு சர்ஜனைப் பார்த்து ‘சார், கொஞ்சம் நிறுத்துங்க’ என்று சொல்லிவிட்டு மறுநாள் நிம்மதியாக வேலைக்கு வர முடியுமா என்று எண்ணிப் பாருங்கள். அங்கே, குழாய் இருந்த ஆயிரம் நாட்களுக்குச் சராசரியாக 7.7 தொற்று என்றிருந்தது 18 மாதத்தில் 1.4 ஆனது. 2006இல் அது வெளியானது.

இந்தியாவின் நிலை என்ன? நம்மிடமும் எண்ணத் தொடங்கியவர்கள் இருக்கிறார்கள். 2017 மே முதல் 2018 அக்டோபர் வரை 26 மருத்துவமனைகளின் 89 ஐ.சி.யு.க்களில், ஒரே அளவுகோலை வைத்து, மருத்துவமனையில் வந்த தொற்றுகளைக் கணக்கெடுத்தார்கள். அங்கே ரத்தத்தில் பரவிய கிளெப்சியெல்லாவில் 72 விழுக்காடு கார்பபெனத்துக்கு அடங்காதவை. சென்ட்ரல் லைன் வழியே ரத்தத்துக்குப் போகும் தொற்று பச்சிளங்குழந்தைகளின் ஐ.சி.யு.க்களில்தான் மிக அதிகமாக இருந்தது. அதற்கும் முன்பே, 2011க்கும் 2014க்கும் இடையில், தில்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த 13,530 குழந்தைகளைப் பின்தொடர்ந்து ஓர் ஆய்வு நடந்தது. அவர்களிடம் அதிகம் காணப்பட்ட கிருமி அசினெட்டோபாக்டர். ஐந்தில் நான்கு பங்கு அசினெட்டோபாக்டர் பல மருந்துகளுக்கு அடங்காதவை. செப்சிஸ், அதாவது உடலெங்கும் பாதிக்கும் கடும் தொற்று, வந்த குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு அது பிறந்து 72 மணி நேரத்துக்குள் வந்திருக்கிறது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத உடல்கள் அவை. தன் வாழ்நாளில் எந்தத் தவறும் செய்திருக்க முடியாத ஒருவருக்கு இந்தக் கிருமி போய்ச் சேர்ந்திருக்கிறது என்றால், மருந்தைப் பாதியில் நிறுத்திய நோயாளிதான் குற்றவாளி என்று இனியும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

புதிய மருந்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லாமல் போனால் வருத்தப்படுவீர்கள். ஆகவே நம்மூர்ச் செய்தி ஒன்று. சென்னையின் ஆர்க்கிட் நிறுவனத்தில் உருவான என்மெட்டாசோபாக்டம் என்ற சேர்மத்தை, செஃபிபைம் மருந்தோடு சேர்த்துப் பயன்படுத்த 2024 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. இந்திய ஆய்வகம் ஒன்றில் பிறந்த மருந்து இப்படி உலகச் சந்தைக்குப் போவதில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி. இ.எஸ்.பி.எல். என்ற நொதியைச் சுரக்கும் கிருமிகளுக்கு அது நல்ல மருந்து. அதைக் கொடுத்தால் கார்பபெனத்தைக் கொஞ்சம் ஓய்வில் வைக்கலாம். ஆனால் என்.டி.எம். நொதியை அது தடுக்காது. நம் ஐ.சி.யு.க்களில் இன்று எங்களை உறங்கவிடாதது அந்த என்.டி.எம்.தான். அதற்கு இன்னும் பல இடங்களில் கொலிஸ்டினைத்தான் நம்பியிருக்கிறோம். சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று ஒரு காலத்தில் ஒதுக்கிவைத்த பழைய மருந்து அது. வேறு வழியில்லாமல் திரும்பக் கொண்டுவந்தோம். அதையே கோழித் தீவனத்தில் கலந்துகொண்டும் இருந்தோம். 2019 ஜூலையில்தான் மத்திய அரசு அதைத் தடை செய்தது. அடுத்த மருந்து வரும்வரை காத்திருப்போம் என்று எந்த மருத்துவமனையும் உட்கார்ந்திருக்க முடியாது.

இனி நான் மனம் நொந்து சொல்லும் பகுதி. விபத்தில் அடிபட்டு ஐ.சி.யு.வில் சேர்ந்த இளைஞர் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். தலைக்காயம் தேறிவருகிறது. பத்தாம் நாள் காய்ச்சல். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் ரிப்போர்ட்டில் கிளெப்சியெல்லா, மருந்துப் பட்டியலில் வரிசையாக ‘ஆர்’, ‘ஆர்’ என்று, அதாவது ரெசிஸ்டன்ட் என்று. ஒரு வாரத்தில் இறந்துபோகிறார். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘தலைக்காயம், பல உறுப்புகள் செயலிழப்பு’ என்று எழுதுகிறார்கள். தொற்று அதில் இல்லை. இறப்புச் சான்றிதழிலும் இல்லை. இந்த மாதிரியான தாள்கள் எத்தனையோ என் மேசையைக் கடந்து போயிருக்கின்றன. யாரும் தீய எண்ணத்தோடு மறைப்பதில்லை. எழுதினால் மருத்துவமனையின் பெயர் கெடும், உறவினர்கள் கண்ணாடியை உடைப்பார்கள், வழக்கு வரும் என்ற பயம். அந்தப் பயத்தைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் எழுதப்படாத மரணத்திலிருந்து பக்கத்துப் படுக்கையைக் காப்பாற்ற வழி கிடையாது.

உங்கள் பக்கத்திலும் செய்ய வேண்டியது இருக்கிறது. வீட்டில் யாரையாவது ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது கல்ச்சர் ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்கிக் கையோடு கொண்டுபோங்கள். முன்கூட்டித் தெரிந்தால்தான் அங்கே தனி இடம் ஒதுக்குவார்கள். ‘இந்தக் குழாய் இன்னிக்கும் வேணுமா, சிஸ்டர்?’ என்று தினமும் கேளுங்கள், அது அவமரியாதை ஆகாது. பார்க்கப் போகிறவர்கள் கூட்டமாகப் போகாதீர்கள், படுக்கையில் உட்காராதீர்கள். ஒரு செவிலியர் ஐந்து வென்டிலேட்டர் நோயாளிகளைப் பார்க்கும் இடத்தில் ஒவ்வொரு முறையும் கை கழுவு என்று சுவரில் எழுதி ஒட்டுவதில் பயனில்லை. கை கழுவுவதற்கு நேரம் வேண்டும். நேரத்துக்கு ஆள் வேண்டும். செவிலியர் பணியிடங்களை நிரப்பச் சொல்லிக் கேட்பதும் தொற்றுக்கு எதிரான வேலைதான்.

ஆய்வகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரத்தத்தை எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு ஆண்டிபயாட்டிக் தொடங்குவதற்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். அனுப்பாமலே, கார்பபெனம் வகை மருந்தான மெரோபெனத்தை ஏற்றுவது பல இடங்களில் பழக்கமாகிவிட்டது. பிறகு மருந்து கேட்கவில்லை என்றால் எந்தக் கிருமி என்றே தெரியாமல் அடுத்த மருந்துக்குத் தாவுகிறோம். உலகம் முழுவதும் 2019இல் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் 12.7 லட்சம் பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்த மதிப்பீட்டைச் செய்தவர்களுக்குப் பெரிய தடையாக இருந்தது, நம்முடையதுபோன்ற நாடுகளில் கல்ச்சர் விவரங்கள் போதாமல் இருந்ததுதான்.

ஆகவே தமிழ்நாட்டுக்கு என்று ஒரு கோரிக்கை வைக்கிறேன். தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்த 1997ஆம் ஆண்டுச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. 2018இல் அதற்கு விதிகளும் வந்துவிட்டன. என்.ஏ.பி.ஹெச். தரச்சான்று வாங்கிய மருத்துவமனைகள் சென்ட்ரல் லைன் தொற்று, சிறுநீர்க் குழாய்த் தொற்று, வென்டிலேட்டர் நிமோனியா, அறுவைப் புண் தொற்று நான்கையும் ஏற்கெனவே கணக்கெடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. அந்தக் கணக்கு கோப்புக்குள் இருக்கிறது. அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அதே கணக்கைத் தொடங்கச் சொல்லுங்கள். பிறகு அதை மக்கள் பார்க்கும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

இதற்கு ஓர் எதிர்ப்பு வரும் என்று தெரியும். மிகவும் மோசமான நோயாளிகளை ஏற்றுக்கொள்ளும் பெரிய மருத்துவமனையின் எண்தான் பெரிதாக இருக்கும், அதைப் பார்த்து மக்கள் பயப்படுவார்கள், லேசான நோயாளிகளை மட்டும் சேர்க்கும் சின்ன இடங்கள் நல்ல பெயர் வாங்கிவிடும் என்பார்கள். நியாயமான கவலை. அதனால்தான் மொத்த எண்ணிக்கையாகச் சொல்லாமல் ஆயிரம் குழாய்-நாட்களுக்கு எத்தனை என்று சொல்ல வேண்டும். பச்சிளங்குழந்தைகள் பிரிவைப் பச்சிளங்குழந்தைகள் பிரிவோடும், தீக்காயப் பிரிவைத் தீக்காயப் பிரிவோடும் ஒப்பிட வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மருத்துவமனையின் பெயர் இல்லாமல் மாவட்டச் சராசரியை மட்டும் வெளியிட்டுப் பழக்கலாம். உண்மையான எண்ணைக் கொடுத்ததற்காக யார் மீதும் நடவடிக்கை கிடையாது என்று அரசு எழுத்தில் உறுதி தர வேண்டும். பொய்யாகச் சுழியம் என்று எழுதிக் கொடுப்பவரைத்தான் கேள்வி கேட்க வேண்டும். வென்டிலேட்டர் ஓடும் ஒரு ஐ.சி.யு.வில் ஆண்டு முழுவதும் ஒரு தொற்றுகூட இல்லை என்று எழுதி வந்தால், அந்த மருத்துவமனைக்குத்தான் முதலில் ஆய்வுக்குப் போக வேண்டும்.